மதிப்பெண்ணும் வாயிலும்: கிள்ளான் பள்ளத்தாக்கில் பல்கலைக்கழக நுழைவின் வரலாறு

மலேசிய அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர விண்ணப்பிக்கும் மாணவர் பிரிக்பீல்ட்ஸில் வாழ்ந்தாலும், சாலாக் செலாத்தானின் அடுக்குமாடி வீடொன்றில் வாழ்ந்தாலும், கிள்ளானைச் சுற்றியுள்ள பழைய தோட்டப்புறங்களில் வாழ்ந்தாலும், தேர்வுக் குழுவின் முன் அவர் ஓர் எண்ணாகவே போய்ச் சேர்கிறார். எல்லாருக்கும் ஒரே வினாத்தாள், ஒரே நேரம், ஒரே திருத்தும் முறை என்று நடத்தப்படும் தேர்வைப் பொதுத் தேர்வு என்கிறோம்; அதில் கிடைக்கும் எண் மாணவரின் திறனை மட்டுமே காட்டும் என்பது அத்தகைய தேர்வின் அடிப்படை நம்பிக்கையாகும். ஆனால் இந்த வட்டாரத்துத் தமிழரின் கல்வி வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தால், எண்ணின் மதிப்பை நிர்ணயித்தது மாணவரின் திறன் மட்டும் அன்று என்பதும், அவர் எந்தப் பள்ளியிலிருந்து எந்தத் தேர்வுக்கு அனுப்பப்பட்டார், அவருடைய எண் எவருடைய எண்ணோடு சேர்த்து வைத்துப் பார்க்கப்பட்டது என்பவையும் அதே அளவுக்கு அதை நிர்ணயித்தன என்பதும் தெளிவாகின்றன.

கோலாலம்பூரில் பொதுத் தேர்வின் வரலாறு ஆங்கிலப் பள்ளிகளோடு தொடங்குகிறது. விக்டோரியா அரசியாரின் பொன்விழாவுக்காகத் திரட்டப்பட்டுச் செலவாகாமல் எஞ்சிய நிதியைக் கொண்டு 1893-இல் நிறுவப்பட்ட விக்டோரியா கல்விக்கூடத்தின் தொடக்ககால அறங்காவலர்களுள் கா. தம்புசாமிப் பிள்ளையும் ஒருவர் ஆவார். நகரின் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலையும் பத்துமலைக் கோயிலையும் தோற்றுவித்தவராகத் தமிழர் நினைவில் நிற்கும் அவர், ஆங்கிலக் கல்விக்கும் இடம் தேடித் தந்தவர் என்பது அத்துணை பரவலாகப் பேசப்படுவதில்லை. இத்தகைய பள்ளிகளின் மேல் வகுப்பு மாணவர்கள் எழுதிய ‘சீனியர் கேம்பிரிட்ஜ்’ தேர்வுக்கு வினாத்தாள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. எழுதிய விடைத்தாள்களும் திருத்துவதற்காகக் கப்பலிலேயே திரும்பிச் சென்றன. நீரிணைக் குடியேற்றங்களில் 1885-இல் ஏற்படுத்தப்பட்ட அரசியார் உபகாரச் சம்பளம், தேர்வில் முதன்மை பெற்ற மிகச் சிலரைப் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. மதிப்பெண்ணைக் கொண்டு உயர்கல்விக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் வழக்கம் மலாயாவில் இவ்வாறுதான் வேரூன்றியது.

அந்தத் தேர்வு மண்டபத்துக்குள் நுழைந்த தமிழர் யாவர் என்பதே அடுத்த கேள்வி. பிரிக்பீல்ட்ஸ் அக்காலத்தில் ரயில்வேயின் குடியிருப்பாக வளர்ந்தது. யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்று வந்த இலங்கைத் தமிழரும், அவர்களோடு தமிழகத்திலிருந்து வந்த எழுத்தறிந்தோரும், ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் கிராணிகளாகவும் நிலைய அதிகாரிகளாகவும் பணியாற்றியபடி, தம் பிள்ளைகளை நடந்து போகும் தொலைவிலிருந்த ஆங்கிலப் பள்ளிகளுக்கு அனுப்பினர். கேம்பிரிட்ஜ் சான்றிதழ் இருந்தால் மாதச் சம்பளம் நிச்சயம் என்பதை அவர்கள் தம் சொந்த வாழ்க்கையிலேயே கண்டிருந்தனர். கிள்ளான், காப்பார், கேரித் தீவு ஆகிய இடங்களின் தோட்டங்களில் பால் மரம் வெட்டிய பெரும்பான்மைத் தமிழரின் நிலை முற்றிலும் வேறாக இருந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது உண்மையே. ஆயினும் ஓர் ஆசிரியரே எல்லா வகுப்புகளையும் நடத்திய அந்தக் கொட்டகைப் பள்ளிகள் தமிழில் சில ஆண்டுக் கல்வியோடு முடிந்துவிட்டன. அங்கிருந்து கேம்பிரிட்ஜ் தேர்வுக்குச் செல்ல வழியே கிடையாது. தோட்டத்துப் பிள்ளை தேர்வில் தோற்றதாகச் சொல்வதற்குக்கூட இடமில்லை. அப்பிள்ளை தேர்வுக்கு அழைக்கப்படவே இல்லை.

இந்தக் குறையைத் தொழிலாளர்கள் உணராதிருந்தார்கள் என்று எண்ணுவது தவறு. 1941-இல் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் பின்னால் திரண்டு தோட்டத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம், சம்பள உயர்வுக்கான போராட்டமாகவே பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. ஆர். எச். நாதன் முதலியோர் முன்வைத்த கோரிக்கைகளில், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற இழிவான வழக்கத்தை ஒழித்தல், கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகியவற்றோடு பிள்ளைகளுக்கு முறையான கல்வி அளித்தல் என்பதும் இடம்பெற்றிருந்தது. படை கொண்டு அடக்கப்பட்ட ஒரு போராட்டத்தின் கோரிக்கைப் பட்டியலில் பள்ளிக்கூடம் இருந்தது என்ற செய்தி, மலேசியத் தமிழரின் கல்வி வரலாற்றை எழுதுவோர் எவரும் விட்டுவிடக் கூடாத ஒன்றாகும்.

1949-இல் சிங்கப்பூரில் மருத்துவக் கல்லூரியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் உருவான பின், பள்ளி இறுதிக்கு மேல் இரண்டாண்டு படித்து எழுதும் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ்த் தேர்வு, அதாவது ஆறாம் படிவத் தேர்வு, காலப்போக்கில் அதன் இயல்பான வாயிலாக அமைந்தது. பல்கலைக்கழகம் 1959-இல் கோலாலம்பூரிலும் தன் வளாகத்தைத் திறந்தது. 1962-இல் அவ்வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. பிரிக்பீல்ட்ஸில் பிறந்து, அங்குள்ள விவேகானந்தா தமிழ்ப்பள்ளியிலும் பின்னர் விக்டோரியா கல்விக்கூடத்திலும் பயின்று, கொழும்புத் திட்ட உபகாரச் சம்பளத்தில் மெல்பர்ன் பல்கலைக்கழகம் சென்ற ஆனந்த கிருஷ்ணனின் வாழ்க்கை, அத்தலைமுறையில் தேர்வு திறந்துவிடக்கூடிய கதவுகளுக்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. அவர் தமிழ்ப்பள்ளியிலிருந்து ஆங்கிலப் பள்ளிக்கு மாற முடிந்த நகரவாசி என்பதையும் அந்தச் சான்றோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

விடுதலைக்குப் பின் பள்ளிகள் பெருகின; வடிகட்டும் தேர்வுகளும் உடன் பெருகின. 1960-ஆம் ஆண்டு ரஹ்மான் தாலிப் அறிக்கையின் வழிவந்த 1961-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, அரசு உதவிபெறும் இடைநிலைப் பள்ளிகள் தேசிய மொழியிலோ ஆங்கிலத்திலோ மட்டுமே நடக்கலாயின; தமிழ்வழிக் கல்வி தொடக்கப்பள்ளியோடு நின்றது. இடைநிலைப் பள்ளிக்குள் நுழையவே ஒரு தேர்வு எழுத வேண்டும் என்ற விதி 1964 வரை நீடித்தது. அது நீக்கப்பட்ட பின்னரும், தமிழ்ப்பள்ளியிலிருந்து வருவோர் மொழி பயிலுவதற்காகப் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாகப் படிக்க வேண்டியிருந்தது. ஒருவர் பல்கலைக்கழகம் சேர்வதற்குள் எழுத வேண்டிய ஒவ்வொரு தேர்வும், அவருக்கு வீட்டில் பழக்கமில்லாத மொழியில் நடந்தது. மூன்றாம் படிவத் தேர்வில் தவறியவர் அங்கேயே நின்றுவிட, தோட்டத்துக்குத் திரும்பிப் பால் வாளியை எடுத்தவர்களின் தொகை பெரிது. சீன சமூகம் தன் தனியார் இடைநிலைப் பள்ளிகளையும் அவற்றுக்கெனத் தனிப் பொதுத் தேர்வையும் காத்துக்கொண்டது. தமிழருக்கு அத்தகைய இடைநிலைப் பள்ளி ஒன்றுகூட இல்லாமையால், அரசுத் தேர்வு ஒன்றே அவர்களின் ஒரே ஏணியாக நின்றது.

1969 மே 13-ஆம் நாள் கோலாலம்பூரில் வெடித்த இனக் கலவரம் இந்த ஏணியின் படிகளை மாற்றியமைத்தது. பல்கலைக்கழக மாணவர் சூழலை ஆராய அமைக்கப்பட்ட மஜித் இஸ்மாயில் குழு 1971-இல் அளித்த அறிக்கை, மாணவர் சேர்க்கை நாட்டின் இன விகிதத்தைப் பிரதிபலிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதே ஆண்டில் அரசியலமைப்பின் 153-ஆம் பிரிவில் 8ஏ என்ற உட்பிரிவு சேர்க்கப்பட்டது. பள்ளி இறுதித் தேர்வுக்கு மேற்பட்ட கல்வி நிலையம் ஒன்றில் தகுதி பெற்றோர் தொகையைவிட இடங்கள் குறைவாக இருந்தால், பூமிபுத்ரா எனப்படும் மலாய்க்காரருக்கும் சபா, சரவாக் பூர்வகுடியினருக்கும் நியாயமான பங்கை ஒதுக்குமாறு மாமன்னர் பணிக்கலாம் என்பது அதன் சாரம். இம்மாற்றத்துக்கு அடிப்படைக் காரணம் இருந்தது என்பதை மறைப்பது நேர்மையாகாது: 1960களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்ற மலாய்க்காரர் விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலேயே இருந்தனர், கிராமத்து மலாய்ப் பள்ளிகளுக்கு அறிவியல் ஆய்வுக்கூடம் கனவாகவே இருந்தது. தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளையின் நிலையும் அதுவே. ஆனால் ஒதுக்கீடு இன வாரியாக அமைந்ததால், கேரித் தீவில் மரம் வெட்டுபவரின் மகளும் தலைநகரத்து வழக்கறிஞரின் மகனும் ‘பூமிபுத்ரா அல்லாதார்’ என்ற ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டு, எஞ்சிய அதே இடங்களுக்காகப் போட்டியிட வேண்டியதாயிற்று. 1970களின் இறுதியில் கூட்டணிக் கட்சிகளிடையே பேசி முடிவான பூமிபுத்ராவுக்கு 55, மற்றவர்க்கு 45 என்ற விகிதம் பின்வந்த இருபதாண்டு அரசியல் விவாதங்களின் அளவுகோலாக இருந்தது.

அதே பத்தாண்டில் இலங்கைத் தமிழர் சந்தித்த பல்கலைக்கழக நுழைவுத் தரப்படுத்தலை இங்கு ஒப்பிட்டுப் பார்ப்பது பொருந்தும். பிரிக்பீல்ட்ஸின் யாழ்ப்பாணக் குடும்பங்களுக்கு அது உறவினர் வீட்டுச் செய்தியாகவே வந்து சேர்ந்தது. அங்கே 1971-ஆம் ஆண்டுச் சேர்க்கையில் மருத்துவப் பீடங்களுக்குத் தமிழ்வழி மாணவர் 250 புள்ளியும் சிங்களவழி மாணவர் 229 புள்ளியும் பெற வேண்டும் என்று வெட்டுப்புள்ளிகள் வேறு வேறாக வைக்கப்பட்டன. பின்னர் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. இலங்கையில் எல்லாரும் எழுதியது ஒரே தேர்வு, மாறியது வெட்டுப்புள்ளி; ஆதலால் அநீதி எண் வடிவிலேயே வெளிப்படையாகக் கண்ணுக்குப் பட்டது. மலேசியாவில் நடந்தது வேறு. பூமிபுத்ரா மாணவருக்கெனப் பல்கலைக்கழகங்கள் நடத்திய மெட்ரிகுலேஷன் என்ற ஓராண்டு ஆயத்த வகுப்பு, ஆறாம் படிவத்துக்கு இணையான மற்றொரு பாதையாக வளர்ந்து, 1990களின் இறுதியில் கல்வி அமைச்சின் கல்லூரிகளாக விரிந்தது. தேர்வே இரண்டாகிவிட்டதால், யார் எவ்வளவு பெற்று உள்ளே வந்தார் என்று ஒப்பிடும் வழியும் அடைபட்டது.

ஆறாம் படிவத் தேர்வும் இதற்கிடையில் உருமாறியிருந்தது. கேம்பிரிட்ஜின் கையிலிருந்த அது, 1980-இல் அமைந்த மலேசியத் தேர்வு மன்றத்தின் பொறுப்பில் 1982 முதல் தேசிய மொழியில் எஸ்.டி.பி.எம். என்ற பெயருடன் நடக்கலாயிற்று. அந்த ஆண்டிலேயே மலாயாப் பல்கலைக்கழகத்தின் விரிவுரையாளர் டாக்டர் எம். தம்பிராஜா ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கினார். தோட்டத்திலும் நகர்ப்புற ஏழைக் குடியிருப்பிலும் வளர்ந்த மாணவர்களைப் பல்கலைக்கழகத் தகுதிக்கு உயர்த்துவதற்காகப் பிரத்தியேக வகுப்புகளை நடத்திய அந்த நிலையம், ஆண்டுதோறும் பத்துமலைக்குக் கல்வி யாத்திரையையும் நடத்தி வந்தது. பல்கலைக்கழக மாணவர்கள் தமக்குப் பின்வருவோருக்குத் தாமே கற்பித்த இம்முறை, மலேசியத் தமிழர் தம் கையால் கட்டிய நிறுவனங்களுள் மிகுந்த மதிப்புக்குரியது. வசதி படைத்தோர் தம் பிள்ளைகளை மருத்துவம் படிக்க இந்தியாவுக்கு அனுப்பியதும், மலேசிய இந்தியர் காங்கிரஸான ம.இ.கா.வின் கல்விக் கரமான எம்.ஐ.இ.டி. 1984-இல் தோன்றியதும், அதன் வழியே ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் 2001-இல் கெடாவில் எழுந்ததும், அரசு வாயில் ஒடுங்கிப்போன காலத்தின் விளைவுகளே.

2002-ஆம் ஆண்டு மாணவர் சேர்க்கையிலிருந்து ஒதுக்கீட்டுக்குப் பதிலாகத் தகுதி முறை நடப்புக்கு வரும் என்று அரசு அறிவித்தபோது, பலரும் அதை வரவேற்றனர். எண்ணே இனி வாயில் காவலர் என்று அன்று நம்பப்பட்டது. ஆனால் அவ்வாண்டுச் சேர்க்கை முடிவில் இந்திய மாணவரின் பங்கு 5 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. இதற்கான காரணம் கணக்கீட்டு முறையிலேயே இருக்கிறது. எஸ்.டி.பி.எம். படிப்பு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு நீள்வது. நாடு முழுவதற்கும் பொதுவான வினாத்தாளைத் தேர்வு மன்றம் தயாரித்து, பள்ளிக்குத் தொடர்பில்லாதோர் திருத்துவது. மெட்ரிகுலேஷன் ஓராண்டுப் படிப்பு. பாடம், தேர்வு, தரம் ஆகிய அனைத்தும் அதன் சொந்த நிர்வாகத்துக்குள்ளேயே முடிபவை. இரண்டின் முடிவும் 4.00-ஐ உச்சமாகக் கொண்ட சராசரிப் புள்ளியாக மாற்றப்பட்டு, ஒன்றின் 3.80-உம் மற்றொன்றின் 3.80-உம் சமம் என்று கொள்ளப்பட்டது. இரு வேறு உரைகல்லில் உரைத்த பொன்னை ஒரே மாற்று என்று எழுதிக்கொடுத்தது போன்றது இது.

இன்று வரை நடப்பிலுள்ள கணக்கை விளக்கினால் ஒவ்வொரு தசமமும் எவ்வளவு கனமானது என்பது புரியும். பல்கலைக்கழக நுழைவு விண்ணப்பங்களை ஒரே இடத்தில் பெற்றுப் பகிரும் யு.பி.யு. என்ற மைய அமைப்பு, சராசரிப் புள்ளியை 4.00-ஆல் வகுத்து 90-ஆல் பெருக்கி, அதனோடு விளையாட்டு, சீருடை இயக்கம், கழகம் முதலிய புறப்பாட நடவடிக்கைகளுக்காக 10 வரையிலான புள்ளியைச் சேர்த்துத் தகுதிப் புள்ளியைக் கணக்கிடுகிறது. எஸ்.டி.பி.எம்.மில் நான்கு பாடங்களிலும் ஏ பெற்றவருக்கு 4.00 கிடைப்பதால் கல்விப் பகுதியில் 90 முழுமையாக வரும். மூன்றில் ஏ-யும் ஒன்றில் 3.67 மதிப்புள்ள ஏ மைனஸும் பெற்றவரின் சராசரி 3.92 ஆகையால் அவருக்கு 88.2 மட்டுமே வரும். ஒரே தாளில் சறுக்கியதால் இழந்த இந்த 1.8 புள்ளி, விண்ணப்பம் குவியும் மருத்துவம் போன்ற துறைகளில் உள்ளே, வெளியே என்ற எல்லைக்கோட்டைத் தீர்மானிக்கப் போதுமானது. பள்ளி முடிந்தவுடன் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளவோ பகுதிநேர வேலைக்கோ வீடு திரும்பும் பிள்ளைக்குப் புறப்பாடப் பத்துப் புள்ளியும் எளிதில் முழுமையாகக் கிட்டுவதில்லை. வறுமை இவ்வாறு கணக்குக்குள் ஓசையின்றிப் புகுந்துவிடுகிறது.

உச்சப் புள்ளியே போதாமற்போன நாளும் வந்தது. 2004-இல் எஸ்.டி.பி.எம்.மில் 4.00 பெற்றிருந்த 128 மாணவர்களுக்கு அரசு மருத்துவப் பீடங்களில் இடமில்லை என்று அறிவிக்கப்பட்டு, நாடெங்கும் எதிர்ப்பு எழுந்த பின் அரசு தலையிட்டு வழி தேட வேண்டியதாயிற்று. இடத்தைவிட முழுப்புள்ளியாளர் மிகும்போது அந்த அளவுகோல் தன் பணியை முடித்துக்கொண்டுவிடுகிறது. அதன் பின் தேர்ந்தெடுப்பது அதிகாரியின் விருப்பமா, நேர்காணலா, வேறேதேனுமா என்பது வெளியில் இருப்போருக்குத் தெரிவதில்லை. தேர்வின் மீதான நம்பிக்கையைச் சிதைப்பதில் இந்த மறைப்புக்கு நிகரான காரணம் வேறில்லை.

தமிழ்ப் பாடமும் இந்த எண் கணக்கில் அடிபட்டது. எஸ்.பி.எம். எனப்படும் ஐந்தாம் படிவத் தேர்வில் எழுதத்தக்க பாடங்கள் பத்துக்கு மேற்படக் கூடாது என்று அரசு 2009-இல் அறிவித்தபோது, அறிவியல் பிரிவு மாணவர்கள் தமிழ்மொழியையும் தமிழ் இலக்கியத்தையும் கைவிட நேரும் என்று தமிழ் அமைப்புகள் கிளர்ந்தெழுந்தன. பத்தோடு இரண்டு பாடங்களைச் சேர்த்து எழுதலாம் என்ற தீர்வு அமைச்சரவையிலிருந்து வந்தது. ஆனால் அரசு உபகாரச் சம்பளத்துக்குப் பத்துப் பாடங்களே கணக்கில் கொள்ளப்படும் என்றும் கூறப்பட்டது. எண்ணப்படாத பாடத்தை மாணவர் எவ்வளவு காலம் அன்பினால் மட்டுமே படிப்பார் என்ற கேள்வியைத் தமிழாசிரியர்கள் அன்று எழுப்பினர். அது இன்றும் அப்படியே இருக்கிறது.

இதற்கிடையே, மெட்ரிகுலேஷன் கல்லூரிகளில் பூமிபுத்ரா அல்லாதாருக்கு 10 விழுக்காட்டு இடம் 2000களின் தொடக்கத்தில் திறந்துவிடப்பட்டது. 2007 நவம்பர் 25-இல் இந்தியர் உரிமைகளுக்காகக் குரல்கொடுத்த ஹிண்ட்ராஃப் இயக்கத்தின் அழைப்பை ஏற்றுக் கோலாலம்பூர் வீதிகளில் திரண்ட பல்லாயிரவரின் மனக்குறைகளுள் உயர்கல்வி வாய்ப்பும் ஒன்றாக இருந்தது. அதன் அரசியல் அதிர்வு அடங்காத நிலையில், 2013-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலுக்கு முன்னதாக இந்திய மாணவருக்கு 1,500 மெட்ரிகுலேஷன் இடங்கள் அறிவிக்கப்பட்டன. 2019-இல் மொத்த இடங்கள் 25,000-இலிருந்து 40,000 ஆக உயர்த்தப்பட்டபோதும் 90க்கு 10 என்ற விகிதம் மாறவில்லை. 2024-இல், எஸ்.பி.எம்.மில் பத்து ஏ-யும் அதற்கு மேலும் பெற்றோர் எந்த இனத்தவராயினும் மெட்ரிகுலேஷனில் இடம் பெறுவர் என்று பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். இவை ஒவ்வொன்றும் பல குடும்பங்களின் வாழ்வை மாற்றியவை என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு தலைவரின் அறிவிப்பாக வந்ததே தவிர உரிமையாக வரவில்லை என்பதும், பத்து ஏ பெறும் பிள்ளை பெரும்பாலும் பிரத்தியேக வகுப்புக்குப் பணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளையே என்பதும் உடன் சொல்லத்தக்கவை.

பிற நாடுகளின் பட்டறிவும் இங்கே பயன்படும். அமெரிக்காவில் 1926-இல் தொடங்கிய எஸ்.ஏ.டி. தேர்வு வசதியுள்ளோருக்கே சாதகமானது என்ற கண்டனத்துக்கு நெடுங்காலம் உள்ளாகி வந்தது. 2020-இன் பெருந்தொற்றுக் காலத்தில் பல பல்கலைக்கழகங்கள் அதைக் கட்டாயமற்றதாக்கின. 2022-இல் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் அத்தேர்வை மீண்டும் கட்டாயமாக்கியபோது கூறிய காரணம் கவனிக்கத்தக்கது: மேனிலைக் கணிதப் பாடங்களை வழங்க இயலாத பள்ளிகளில் படித்த திறமையான ஏழை மாணவரை அடையாளம் காணத் தேர்வு எண் உதவுகிறது என்பதே அது. தமிழ்நாட்டிலோ, 2020-இல் அரசு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு அரசுப் பள்ளி மாணவருக்கு உள் ஒதுக்கீடாக அளிக்கப்பட்டது. அவர்களும் இந்தியா முழுவதற்கும் பொதுவான நீட் மருத்துவ நுழைவுத் தேர்வை எழுதியே ஆக வேண்டும், ஆயினும் தம்மை ஒத்த சூழலில் படித்தவரோடு மட்டும் ஒப்பிடப்படுகின்றனர். எண்ணை ஒழிக்காமலே அதன் அநீதியைக் குறைக்க முடியும் என்பதற்கு இவ்விரண்டும் எடுத்துக்காட்டுகள்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் வரலாறு காட்டும் திசையும் அதுவே. பொதுத் தேர்வு தமிழருக்குப் பகையாக இருந்ததில்லை. பொதுவாக இல்லாத தேர்வே பகையாக இருந்தது. எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் ஆகிய இரு பாதையினரும் குறைந்தது கணிதம், அறிவியல் ஆகியவற்றில் ஒரே வினாத்தாளை எழுத வேண்டும். குடும்ப வருமானமும் படித்த பள்ளியும் இனத்தைக் கடந்து தகுதிப் புள்ளியில் இடம்பெற வேண்டும். ஒவ்வொரு துறையிலும் கடைசியாக இடம் பெற்றவரின் புள்ளி எவ்வளவு என்பதைப் பாதை வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இம்மூன்றுக்கும் அரசியலமைப்பைத் திருத்த வேண்டிய தேவை இல்லை. உயர்கல்வி அமைச்சும் பல்கலைக்கழகங்களும் மனம் வைத்தால் அடுத்த மாணவர் சேர்க்கையிலேயே மூன்றாவதைத் தொடங்கலாம். அதைக் கேட்டுப் பெறும் கடமை பெற்றோர்க்கும் தமிழ் அமைப்புகளுக்கும் உண்டு.